டிரெய்லருக்கு ஜாக்கி வாங்கும் முன் அளவெடுங்கள்

கோலாலம்பூரில் பிக்கப்பின் பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டு போகும் நம்மவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். ஒருவர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜண்டா பாய்க்குக் கேரவன் இழுக்கிறார். இன்னொருவர் செந்தூலில் தோசைக்கடை டிரெய்லர் வைத்திருக்கிறார். தைப்பூசம் வந்தால் அது பத்துமலைக்கோ பினாங்குத் தண்ணீர்மலைக்கோ போகும். இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டிரெய்லர் டயர் பஞ்சர் ஆனால் தூக்குவதற்கு எத்தனை டன் ஜாக்கி வாங்கலாம்?

டன் முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்களைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஜாக்கி அடியில் நுழையுமா? நுழைந்தபின், நல்ல டயர் உள்ளே போகும் உயரத்துக்குத் தூக்குமா? இந்த இரண்டுக்கும் விடை ஜாக்கிப் பெட்டியில் இருக்காது. உங்கள் டிரெய்லரின் அடியில்தான் இருக்கிறது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் கிடைத்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், இருப்பதை வைத்து ஏன் சமாளிக்க முடியாது என்று பார்த்துவிடுவோம். கார் வாங்கினால் ஜாக்கியும் கூடவே வந்துவிடும். டிரெய்லரோடு பெரும்பாலும் வராது. அதனால் பிக்கப்பிலோ காரிலோ இருக்கும் ஜாக்கியே போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஜாக்கி அந்த வண்டிக்காகச் செய்தது. காரின் பக்கவாட்டில் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் உட்காரும்படி அதன் தலையில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் டிரெய்லரின் இரும்புச் சட்டம் சரியாக உட்காராது. தூக்கும் உயரமும் அந்தக் காரின் அளவுக்குத்தான் வரும்.

டிரெய்லரிலேயே மாட்டியிருக்கும் சில சாமான்கள் ஜாக்கி மாதிரியே தெரியும். நான்கு மூலையிலும் இறங்கும் கால்கள் இருக்கிறதே, அவை நிறுத்திய இடத்தில் கேரவன் ஆடாமல் இருப்பதற்கு மட்டும். உள்ளே ஆள் நடக்கும்போது குலுங்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதைச் சுழற்றி டிரெய்லரைத் தூக்கப் பார்த்தால் கால் வளையும். சில சமயம் சட்டமே முறுக்கிக்கொள்ளும். முன்மூக்கில் இருக்கும் சிறு சக்கரமும் ஹிட்ச்சை (டிரெய்லரை வண்டியோடு பூட்டும் பாகத்தை) ஏற்றி இறக்குவதற்குத்தான். சக்கரம் மாற்ற இரண்டையும் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிரெய்லரின் பஞ்சர் காரின் பஞ்சர் மாதிரி இருக்காது. காரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், உடனே தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லரில் காற்று இறங்கினால் ஓட்டுநருக்குச் சட்டென்று தெரியாது. பக்கத்தில் போகிறவர் ஹாரன் அடித்துக் காட்டும்போது டயர் கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கும், சில நேரம் ரிம் தரையில் உரசிக்கொண்டே வரும். அதாவது நீங்கள் ஜாக்கியைக் கையில் எடுக்கும்போது டிரெய்லர் அதன் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும். வீட்டு வாசலில் நல்ல டயரோடு நிற்கும்போது தாராளமாக நுழைந்த ஜாக்கி, நெடுஞ்சாலையில் நுழைய மறுப்பது இதனால்தான்.

எடைக் கணக்கு

இது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். ஓர் ஒற்றை ஆக்சல் கேரவன் (ஒரே அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம்), சாமானோடு 1,500 கிலோ என்று வையுங்கள். அதில் 150 கிலோ போல முன்னால் ஹிட்ச்சில் உட்காரும். மீதி 1,350 கிலோ இரண்டு சக்கரத்துக்கும். ஒரு பக்கத்துக்கு 675 கிலோ. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும்போது ஜாக்கி சுமக்கப் போவது ஏறத்தாழ இதைத்தான்.

இரட்டை ஆக்சல் டிரெய்லரில் கணக்கு மாறும். 3,000 கிலோ டிரெய்லரில் 300 கிலோ ஹிட்ச்சுக்குப் போனால் பக்கத்துக்கு 1,350 கிலோ. சட்டத்தில் ஜாக்கி வைத்தால் அந்தப் பக்கத்தின் இரண்டு சக்கரங்களுமே இறகு மாதிரி எடையிழந்து மேலே வரும். அந்தச் சுமை முழுவதும் ஜாக்கியின் தலையில்.

வந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. 675 கிலோவுக்கு 2 டன் ஜாக்கி தாராளம். 1,350 கிலோவுக்கு 3 டன்னாவது வேண்டும், 4 டன் நல்லது. எதற்கு இவ்வளவு கூடுதல் என்றால், உண்மையில் எந்த டிரெய்லரும் சரிபாதியாகப் பிரிந்து நிற்பதில்லை. ஒரு பக்கம் ஃபிரிட்ஜும் அடுப்பும் இருக்கும், மறுபக்கம் கட்டில் இருக்கும். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் அதுவே 100 கிலோ. உணவு டிரெய்லரில் 14 கிலோ கேஸ் தோம்பு இரண்டை ஒரே மூலையில் கட்டியிருப்பார்கள். தோம்பின் சொந்த எடையும் சேர்ந்தால் அது நல்ல கனம்.

உங்கள் டிரெய்லரின் எடை சரியாகத் தெரியவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். பழைய இரும்பு வாங்கும் பெரிய கடைகளில் லோரி ஏறி நிற்கும் எடைமேடை இருக்கும். நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். பிக்கப்பை மேடைக்கு வெளியே நிறுத்தி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்தால் ஆக்சல் எடை நேரடியாகக் கிடைக்கும். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றியபிறகு எடை போடுங்கள். காலி டிரெய்லரின் எடை நமக்கு உதவாது.

அப்படியென்றால் பேசாமல் 10 டன் ஜாக்கி வாங்கிவிட்டால் கவலை இல்லையே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். டன் ஏற ஏற ஜாக்கியின் உடம்பும் உயரமாகிறது. பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் எண்ணெய் ஜாக்கியைப் பாட்டில் ஜாக்கி என்பார்கள்; அதில் பெரியது சுருங்கிய நிலையிலேயே 20 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். காற்றிறங்கிய டிரெய்லரின் அடியில் அது போகாமல், கையில் பலமான ஜாக்கியை வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்க வேண்டியதுதான்.

உயரக் கணக்கு

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு வீட்டு வாசலிலேயே செய்யலாம். தரை சமமாக இருக்க வேண்டும், டிரெய்லர் வண்டியோடு பூட்டியிருக்க வேண்டும்.

முதலில் ஜாக்கி வைக்கப்போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). தரையிலிருந்து அந்த இடத்தின் அடிப்பாகம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, அந்தப் பக்கச் சக்கரத்தின் காற்றை முழுதாக இறக்குங்கள். டயர் மெல்ல நசுங்கி, பக்கச் சுவர் தரையில் மடிந்து படியும். இப்போது அதே இடத்தை மறுபடி அளந்து பாருங்கள். 14 அங்குல ரிம்மும் 185 மில்லிமீட்டர் அகல வேன் டயரும் உள்ள டிரெய்லரில் 8 சென்டிமீட்டர் வரை குறைந்திருக்கும். டயர் முழுக்கக் கிழிந்து பறந்துவிட்டால் ரிம்மே தரையில் உட்காரும். இன்னும் மூன்று சென்டிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் குறைந்தபட்ச உயரம். ஜாக்கி சுருங்கிய நிலையில் இதைவிடக் குட்டையாக இருந்தே ஆக வேண்டும். (காற்றை மறுபடி நிரப்ப ஒரு பம்பு வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு இதைத் தொடங்குங்கள்.)

இனி அதிகபட்ச உயரம். இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நசுங்கிய டயரைக் கழற்ற, அது தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பினால் போதும். ஆனால் அந்த இடத்தில் காற்று நிரம்பிய ஸ்பேர் டயர் போக வேண்டுமே. அது பழையதைவிடப் பெரிது. சுமை இல்லாமல் இருக்கும்போது டயர் முழு வட்டமாக உப்பியிருக்கும், கூடவே ஸ்டட்டில் (நட்டு ஏறும் போல்ட்டில்) மாட்ட அதைக் கொஞ்சம் ஏற்றி இறக்க இடைவெளி வேண்டும். ஜாக்கியைச் சட்டத்தில் வைத்தால் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது: சட்டம் மேலே போனாலும் சக்கரம் உடனே கூட வராது. அமுங்கியிருந்த ஸ்பிரிங் முதலில் விரியும், அதுவரை சக்கரம் தரையிலேயே நிற்கும். நீங்கள் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், டிரெய்லரின் உடம்பு ஏறிக்கொண்டே இருக்கும், டயர் மட்டும் அசையாது.

ஓர் எடுத்துக்காட்டு. சட்டத்தின் அடிப்பாகம் நல்ல டயரில் 36 சென்டிமீட்டர், டயர் கிழியாமல் காற்று மட்டும் இறங்கினால் 28 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஸ்பிரிங் விரிய 5, டயர் உப்ப 2, இடைவெளிக்கு 3. ஆக 46 சென்டிமீட்டர் வரை தூக்க வேண்டும். 28-லிருந்து 46 வரை, மொத்தம் 18 சென்டிமீட்டர் பயணம்.

இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண 2 டன் பாட்டில் ஜாக்கியைப் பாருங்கள். சுருங்கிய நிலையில் சுமார் 18 சென்டிமீட்டர், தலையிலுள்ள திருகையும் முழுக்கச் சுழற்றி நீட்டினால் சுமார் 35 சென்டிமீட்டர். மொத்தப் பயணமே 17. அடியில் 10 சென்டிமீட்டர் கட்டை கொடுத்தால் 28-இல் தொடங்கி 45-இல் நின்றுவிடும். நுழைவதற்கு இழையளவும் இடமில்லை, மேலே ஒரு சென்டிமீட்டர் பற்றாக்குறை. எடைக்கு மூன்று மடங்கு தாங்கும் ஜாக்கி, ஆனால் டயர் மாற்ற முடியாது. பெட்டியில் 2 டன் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இது தாப்பா பக்கம் இருட்டும் வேளையில் தெரிய வந்தால் எப்படியிருக்கும்?

இந்த டிரெய்லருக்கு இரண்டு அடுக்காக நீளும் பாட்டில் ஜாக்கி பொருந்தும்; உள்ளே ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு இருக்கும், அதனால் குட்டையாகத் தொடங்கி நெடுந்தூரம் போகும். கத்தரி மாதிரி மடங்கி விரியும், நீண்ட கை உள்ள கத்தரி ஜாக்கியும் பொருந்தும். எதுவானாலும் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு உயரமும் அச்சிட்டிருப்பார்கள். அவை இரண்டும் உங்கள் தாளோடு ஒத்துப்போனால்தான் விலையைக் கேளுங்கள்.

எங்கே வைப்பது

டிரெய்லர் ஆக்சல் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமான இரும்புக் குழாய். பார்த்தால் அதுதான் மிகப் பலமான இடம் மாதிரி தெரியும். ஆனால் குழாயின் நடுப்பகுதியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அது லேசாக வளைந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத வளைவு போதும், சக்கரம் நேராக நிற்காது. கொஞ்ச நாளில் டயர் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பிக்கும். அமெரிக்காவில் டிரெய்லர் ஆக்சல் செய்யும் டெக்ஸ்டர் போன்ற நிறுவனங்கள் ஆக்சலிலோ சஸ்பென்ஷனிலோ எந்த இடத்திலும் ஜாக்கி வைக்காதீர்கள், சட்டத்தில் வையுங்கள் என்றே கையேட்டில் எழுதுகின்றன. ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலாகக் குழாய்க்குள் ரப்பர் வைத்த ஆக்சல் என்றால் இதில் விதிவிலக்கே வேண்டாம்.

பட்டை ஸ்பிரிங் உள்ள டிரெய்லர்களில், ஸ்பிரிங்கும் ஆக்சலும் சேரும் இடத்தில் யூ போல்ட்டால் பிடித்த தடித்த தகடு ஒன்று இருக்கும். அதன் கீழ் வைத்துத் தூக்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதில் ஒரு வசதி உண்டு: ஸ்பிரிங் விரியக் காத்திருக்க வேண்டாம், சக்கரம் உடனே எழும்பும், 13 சென்டிமீட்டர் போலத் தூக்கினால் வேலை முடியும். ஆனால் அந்த இடம் மிகத் தாழ்வு. காற்றிறங்கியபின் அங்கே 15 சென்டிமீட்டர்கூட இருக்காமல் போகலாம், குட்டை ஜாக்கி இருந்தால்தான் நடக்கும். உங்கள் டிரெய்லரின் கையேடு சட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்றால், அதுவே கடைசி வார்த்தை. குறுக்கு வழி தேட வேண்டாம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த கேரவன்களில் அல்-கோ சட்டம் இருந்தால், ஆக்சலுக்குப் பக்கத்தில் ஜாக்கி மாட்டுவதற்கென்றே தனி இருப்பிடம் பொருத்த முடியும். அதற்கேற்ற ஜாக்கியும் அந்த நிறுவனமே செய்கிறது. அந்தச் சட்டத்தில் துளை போடவோ பற்றவைக்கவோ கூடாது.

நம் ஊர்ப் பட்டறையில் செய்த உணவு டிரெய்லர் என்றால் கதை வேறு. சட்டம் சதுரக் குழாயாக இருக்கும், தகடு எவ்வளவு தடிமன் என்று செய்தவருக்குத்தான் தெரியும். அவரிடமே கேளுங்கள்: "அண்ணே, பஞ்சர் ஆனா இதை எங்கே தூக்கணும்?" யோசித்துப் பதில் சொல்பவராக இருந்தால், ஆக்சலுக்கு அருகே இரு பக்கமும் உள்ளங்கை அளவு தடித்த தகட்டைப் பற்றவைத்து, ஜாக்கித் தலை வழுக்காமல் இருக்க அதைச் சுற்றிச் சிறு விளிம்பும் வைத்துத் தரச் சொல்லுங்கள். அதில் வெள்ளை வண்ணம் அடித்துவிட்டால் இரவில் டார்ச் வெளிச்சத்தில் தேட வேண்டியதில்லை. டிரெய்லர் செய்யும்போதே கேட்டால் அரை மணி நேர வேலை.

எந்த வகை

பாட்டில் ஜாக்கி எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதிதான்: மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். சின்ன உருளையில் நீங்கள் தள்ளும் எண்ணெய், அதைவிட ஏழு மடங்கு பரப்புள்ள பெரிய உருளையைத் தள்ளினால் ஏழு மடங்கு விசை கிடைக்கும். கைப்பிடியின் நெம்புகோல் பலமும் அதோடு பெருகும். அதனால்தான் ஒரு கையால் அடித்தே முக்கால் டன்னை எழுப்ப முடிகிறது. அதற்கு விலையாக, ஒவ்வோர் அடிக்கும் அது மிகக் கொஞ்சமே ஏறும். சின்னது, கனமில்லை, 2 டன் என்றால் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். குறைகள் இரண்டு: உடம்பு உயரம், அடிப்பாகம் சிறிது.

கத்தரி ஜாக்கியில் எண்ணெய் கிடையாது, ஒரு நீண்ட திருகுதான். நீங்கள் கையை எடுத்தாலும் திருகு தானாகச் சுழன்று இறங்காது. அது பெரிய நிம்மதி. மிகத் தாழ்வாக மடங்கும் என்பதும் நல்ல குணம். ஆனால் மடங்கிய நிலையில்தான் அதைச் சுழற்றுவது படு கஷ்டம். கைகள் ஏறத்தாழப் படுத்திருக்கும்போது திருகின் மேல் விழும் இழுவை மிக அதிகம். கை தரையோடு 15 டிகிரி கோணத்தில் இருந்தால் எடையைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இழுவை திருகில் விழும். 45 டிகிரிக்கு வந்துவிட்டால் அது எடைக்குச் சமமாகிவிடும். அதனால் அடியில் ஒரு பலகை கொடுத்து, கைகள் ஓரளவு நிமிர்ந்த நிலையில் சுமை ஏறும்படி செய்தால் வேலை பாதியாகக் குறையும். காரோடு வரும் மெல்லிய கத்தரி ஜாக்கியை இதற்கு எண்ண வேண்டாம். அகலமான அடித்தகடு உள்ள 2 டன் வகையைப் பாருங்கள்.

டிரெய்லர் கடைகளிலும் டயர் கடைகளிலும் உருண்டு வரும் டிராலி ஜாக்கிதான் ராஜா. வீட்டு சிமெண்டுத் தரைக்கு அருமை. சாலையோரத்துக்கு நான் சொல்ல மாட்டேன். அதன் கை ஒரு வளைவில் ஏறுகிறது, அதனால் தூக்கும்போது ஜாக்கியே கொஞ்சம் முன்னால் உருள வேண்டும். புல்லிலோ சரளையிலோ சக்கரம் புதைந்தால் உருளாது. அப்போது தலை சட்டத்தை இழுக்கும் அல்லது வழுக்கும். கனமும் அதிகம். பின்னால் கட்டிச் சுமந்து போகும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும் டிரெய்லருக்கு அது நல்ல துணை இல்லை.

ஃபோர் வீல் ஓட்டும் நண்பர்கள் ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட ஹை லிஃப்ட் ஜாக்கியைப் பரிந்துரைப்பார்கள். காட்டில் சேற்றிலிருந்து வண்டியை எடுக்க அது உதவும். கேரவனுக்கு வேண்டவே வேண்டாம்: ஒல்லியான அடி, உயரமான சுமை, கை நழுவினால் கைப்பிடி தாடையில் அடிக்கும்.

இரட்டை ஆக்சல் டிரெய்லருக்கு ஜாக்கியே இல்லாத ஒரு வழி உண்டு. வளைந்த சாய்வு மேடை ஒன்றை நல்ல டயரின் முன் வைத்து வண்டியை மெல்ல முன்னால் எடுத்தால், நல்ல சக்கரம் மேடையில் ஏறும், பஞ்சரான சக்கரம் அந்தரத்தில் தொங்கும். நொடியில் முடியும் வேலை. சில ஸ்பிரிங் அமைப்புகளில் தொங்கும் சக்கரம் போதிய உயரத்துக்கு வராது. வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு நம்புங்கள். ஒற்றை ஆக்சலுக்கு இது உதவாது.

எதையாவது ஒன்றைச் சொல் என்று கேட்டால், ஒற்றை ஆக்சல் கேரவனுக்கு இரண்டு அடுக்குப் பாட்டில் ஜாக்கி, கூடவே ஒரு நல்ல பலகை என்பேன். உயரக் கணக்கு ஒத்துவர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அடியில் கொடுக்கும் பலகை

பலகைதான் ஜாக்கியின் மறுபாதி. ஜாக்கியின் அடிப்பாகம் 10 சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்தால், 675 கிலோ எடையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணின் மேலும் கிட்டத்தட்ட 7 கிலோ அழுத்தும். மழை பெய்த செம்மண்ணில் அது மெதுவாகப் புதையும். புதையும்போது நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாயும். நண்பகல் வெயிலில் இளகிய தாரிலும் இதே கதைதான். அதே ஜாக்கியை 30 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் வைத்தால் அழுத்தம் முக்கால் கிலோவுக்குக் குறைந்துவிடும். தடித்த பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நல்ல கெட்டி மரம். செங்கல்லும் உள்ளே ஓட்டையுள்ள சிமெண்டுக் கல்லும் எங்கே பார்த்தாலும் கிடைக்கும், கை அதற்குப் போகும், வேண்டாம். மரம் நசுங்கும்போது முன்கூட்டியே சத்தம் கொடுக்கும். கல் எந்த அறிவிப்பும் இல்லாமல் இரண்டாகப் பிளக்கும்.

சாலையோரத்தில்

வேலை வரிசை இதுதான்: டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றவே கூடாது. வண்டியின் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒரு பக்கம் எழும்பியபின் டிரெய்லரைத் தரையோடு பிடித்திருப்பது அந்த ஒரு பக்கம்தான். டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்று இளக்கிவிடுங்கள். எழும்பிய சக்கரத்தோடு மல்லுக்கட்டினால் டிரெய்லர் ஜாக்கியிலிருந்து நழுவும். பாட்டில் ஜாக்கியை அடிக்கும் முன் தலைத் திருகைக் கையால் சுழற்றிச் சட்டத்தைத் தொடும்வரை கொண்டுவந்தால் தண்டின் பயணம் மிச்சமாகும். அப்புறம் அடியுங்கள். உடம்பில் எந்தப் பாகமும் டிரெய்லரின் அடியில் போகக் கூடாது. ஜாக்கியின் வேலை தூக்குவது மட்டும். கீழே குனிந்து ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் தனி ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான்.

இறக்கும்போது, வால்வைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். எண்ணெய் திரும்பிப் போகத் தொடங்கியதும் தண்டு மெல்ல அமிழும். அங்கேயே கையை நிறுத்துங்கள். அவசரப்பட்டு அரைச் சுற்றுத் திருப்பினால் முக்கால் டன்னும் ஒரேயடியாக விழும்.

ஆனால் இதையெல்லாம் செய்யலாமா என்பதை இடம் முடிவு செய்ய வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலையின் அவசரத் தடம் லோரிகள் உரசிக்கொண்டு போகும் இடம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் இடது டயர் போனால் தடுப்பு வேலியை ஒட்டி நின்று வேலை பார்க்கலாம். வலது டயர் போனால் முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டிக்கொண்டு குந்த வேண்டும். அதைச் செய்யாதீர்கள். பயணிகளை இறக்கி வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000-ஐ அழையுங்கள். ரோந்து வண்டி வந்து பின்னால் கூம்பு வைத்துப் பாதுகாப்புக் கொடுக்கும். பினாங்குப் பாலத்தின் மேலும் மெனோரா சுரங்கப் பாதைச் சரிவிலும் எந்தப் பக்கத்து டயர் போனாலும் சொந்தமாக இறங்காதீர்கள். கிழிந்த டயரோடு மெதுவாக அடுத்த ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்) வரை உருட்டினால் ரிம் கெட்டுப்போகும்தான். ரிம்மைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் டயர் கடையில் கவனிக்க வேண்டியது. டிரெய்லரின் நட்டுகளைக் காற்றுக் கன்னால் கண்டபடி இறுக்க விடாதீர்கள். "அண்ணே, கடைசி இறுக்கம் டார்க் ஸ்பானர்ல பண்ணிடுங்க" என்று சொல்லி (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பானர் அது), கையேட்டில் இருக்கும் அளவைக் கொடுங்கள். கன் இறுக்கிய நட்டை நடுவழியில் உங்கள் ஸ்பானர் அசைக்காது, அப்போது எந்த ஜாக்கி இருந்தும் பயனில்லை. ஸ்பானர் டிரெய்லரின் நட்டுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பிக்கப்பின் நட்டு வேறு அளவாக இருக்கலாம். சக்கரம் மாற்றியபின் 80 கிலோமீட்டருக்குள் ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஸ்பேர் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்று வெயிலில் காய்ந்தே அதிகம் சாகின்றன. தரையைத் தொடும் மேற்பரப்பு புதிது மாதிரி இருக்கும், சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். அதைப் பார்த்தால் ஜாக்கி வாங்கும் அதே நாளில் டயரையும் மாற்றிவிடுங்கள்.

பாட்டில் ஜாக்கியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். படுத்தால் எண்ணெய் கசியும், காற்று உள்ளே போகும், அடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். வாங்கிக் கொண்டுவந்த வாரமே வாசலில் ஒரு தடவை முழுதாகத் தூக்கி, ஸ்பேரை மாட்டி, இறக்கிப் பாருங்கள். அந்த முயற்சியில் பலகை எத்தனை தடிமன் வேண்டும், கைப்பிடியை அடிக்க இடம் போதுமா, எந்தப் பக்கம் மண்டியிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். போதாது என்று தெரிந்தால் கடைக்காரர் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் ரசீதோடு திரும்பிப் போகலாம்.